வளையமும் வாரும் கம்பியும்: இணுவில் தவிலை முன்வைத்து உழைப்பின் வரலாறு பற்றிய சில குறிப்புகள்

1

கருவிகளின் வரலாறு எழுதப்படும்போது அவற்றை இயக்கியோர் பெயர்பெறுவதும் ஆக்கியோர் பெயரிழப்பதும் வர்க்க சமுதாயங்கள் யாவற்றுக்கும் பொதுவான ஒரு நியதியாகவே இருந்துவந்துள்ளது. இந்நியதி தற்செயலானதன்று. மூளையுழைப்பும் கையுழைப்பும் தனித்தனி வர்க்கங்களின் உரிமையாகவும் கடமையாகவும் பிரிக்கப்பட்ட சமுதாயத்தில், ஏட்டில் எழுதுபவன் தன் வர்க்கத்தின் கண்கொண்டே உலகைக் காண்கிறான். எனவே பொருளின் பயன் அவன் கண்ணுக்குத் தெரிகிறது. பொருளில் உறைந்துள்ள உழைப்புத் தெரிவதில்லை.

இப்பொதுக் கூற்றைப் பருப்பொருளான ஓர் எடுத்துக்காட்டினால் ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும். அதன்பொருட்டு இரண்டு வளையங்களை எடுத்துக்கொள்கிறோம். ஒன்று, யாழ்ப்பாணக் குடாநாட்டின் இணுவிற் கிராமத்தின் பெயரோடு பிரிக்கமுடியாதவாறு இணைந்துவிட்ட தவில் என்னும் இசைக்கருவியின் வளையம். மற்றது, 1831ஆம் ஆண்டு இலண்டன் நகரில் மைக்கல் பரடே செப்புக்கம்பி சுற்றிய இரும்பு வளையம். இரண்டும் கையால் ஆக்கப்பட்டவை. இரண்டினதும் பயன், வளையத்தின்மீது எது, எவ்வாறு, எவ்வளவு இறுக்கமாகச் சுற்றப்பட்டது என்பதையே சார்ந்திருந்தது. ஒன்று கோயில் வீதியில் ஒலித்தது. மற்றது நவீன மின்தொழிலுக்கு வாயில் திறந்தது. இவ்வேறுபாட்டுக்கான காரணத்தை வளையங்களிலே தேடுவது வீண். அவற்றைச் சுற்றிய கைகள் எத்தகைய சமுதாய உறவுகளுக்குள் இயங்கின என்பதிலேயே தேடவேண்டும்.

2

முதலில் பரடேயின் வளையத்தை நோக்குவோம். 1831 ஓகஸ்ட் 29ஆம் நாளிட்ட அவரது ஆய்வுக் குறிப்பேடு அதன் அளவுகளைத் துல்லியமாகத் தருகின்றது. மெல்லிரும்புக் கம்பியை வளைத்து ஒட்டியமைத்த வளையம் அது. கம்பியின் தடிப்பு 7/8 அங்குலம். வளையத்தின் வெளிவிட்டம் 6 அங்குலம். ஒரு பாதியில் ஒவ்வொன்றும் ஏறத்தாழ 24 அடி நீளமுள்ள மூன்று செப்புக்கம்பிகள் சுற்றப்பட்டன. இடைவெளி விட்டு மறுபாதியில் இரு துண்டுகளாக ஏறத்தாழ 60 அடிக் கம்பி சுற்றப்பட்டது. வெறுஞ்செம்பு வெறுஞ்செம்பைத் தொட்டால் மின்னோட்டம் சுருளின் வழியே செல்லாது குறுக்கே பாய்ந்துவிடும். ஆதலால் கம்பிச் சுற்றுகளை ஒன்றிலிருந்தொன்று விலக்கி வைக்கச் சணல்நூலும், அடுக்குகளைப் பிரித்து வைக்கக் காலிக்கோ எனப்படும் பருத்தித் துணியும் பயன்பட்டன.

ஒரு சுருளை மின்கலவடுக்கோடு இணைத்தபோதும் துண்டித்தபோதும், அதனோடு எத்தொடர்பும் அற்ற மறு சுருளின் அருகே வைத்த காந்தவூசி அசைந்தது. மின்னோட்டம் சீராகச் செல்லும்வரை ஊசி அசையவில்லை. மாற்றம் நிகழும் கணத்திலேயே அசைந்தது. அதே ஆண்டு ஒக்டோபர் 17ஆம் நாள், சுருளொன்றினுள் காந்தத்தை நுழைத்தும் இழுத்தும் மின்னோட்டத்தைப் பெற்றார் பரடே. பின்னாளில் எழுந்த மின்பிறப்பாக்கியும் மின்மாற்றியும் இவ்விரு சோதனைகளின் வழித்தோன்றல்களே. 1885இல் புடாபெஸ்ற் நகரின் கான்ஸ் தொழிற்சாலையில் சிப்பர்னோவ்ஸ்கி, டேரி, பிளாதி ஆகிய மூவரும் உருவாக்கிய மின்மாற்றியும் மூடிய வளைய வடிவினதாகவே இருந்தது.

இவையெல்லாம் பௌதிகவியல் மாணவர் அறிந்தவையே. அவர்கள் பொதுவாக அறியாத மூன்று செய்திகள் நமக்கு இங்கு முக்கியமானவை.

முதலாவது: இரும்பு வளையத்தைத் தாம் செய்வித்ததாகவே பரடே எழுதுகிறார். உலையில் காய்ச்சி வளைத்து ஒட்டியவர் பெயர் அக்குறிப்பில் இல்லை. மின்யுகத்தின் முதல் வளையமும் பெயரறியாக் கொல்லர் ஒருவரின் ஆக்கமே.

இரண்டாவது: பரடே (1791–1867) தாமே ஒரு கொல்லரின் மகன். முறையான உயர்கல்வி பெறாதவர். 1805 முதல் ஏழாண்டுகள் நூல்கட்டும் தொழிலில் பயிலுநராக இருந்தவர். நூல், துணி, பசை ஆகியவற்றைக் கையாண்டு பழகிய கையே பின்னர் கம்பியையும் சணலையும் காலிக்கோவையும் கையாண்டது.

மூன்றாவது: காலிக்கோ என்ற பெயர் நமது கோழிக்கோட்டுத் துறைமுகத்தின் பெயரிலிருந்து பிறந்தது. கோழிக்கோட்டிலிருந்து சென்ற கைத்தறித் துணிக்கு ஐரோப்பியர் இட்ட பெயர், பின்னர் ஆங்கில ஆலைத் துணிக்கும் பெயராயிற்று. 1831 அளவில் இங்கிலாந்தின் ஆலைத்துணி இந்தியச் சந்தைக்குள் புகுந்து இந்திய நெசவாளரின் வாழ்வைக் குலைத்துக்கொண்டிருந்தது. விஞ்ஞானத்தின் 'தூய' சோதனைக்கூடத்துள்ளும் காலனித்துவ வாணிகத்தின் நூலிழை ஓடுவதை இத்துணித்துண்டு காட்டுகின்றது.

3

இனி இணுவிலுக்கு வருவோம். யாழ்ப்பாண நகருக்கு வடக்கே, காங்கேசன்துறை வீதியில், கோண்டாவிலுக்கும் சுன்னாகத்துக்கும் இடைப்பட்ட செம்மண் கிராமம் இணுவில். ஆறில்லாத குடாநாட்டில் நிலக்கீழ் நீரே உழவுக்கு ஆதாரம். கிணற்றிலிருந்து துலாவினால் நீர் இறைத்து வலிகாமத்துச் செம்மண்ணில் பயிரிடப்பட்ட காசுப்பயிர்களுள் தலையாயது புகையிலை. யாழ்ப்பாணப் புகையிலை நெடுங்காலம் திருவிதாங்கூருக்கு ஏற்றுமதியாயிற்று. அவ்வாணிகத்தினால் திரண்ட உபரியின் ஒரு பகுதி கோயில்களாகவும் திருவிழாக்களாகவும் உருமாறியது.

இசைவரலாற்றாசிரியர் பெரும்பாலும் கவனியாது விடும் பொருளியல் அடித்தளம் இதுவே. திருவிழா பெருகப் பெருக மேளத்துக்கான தேவையும் பெருகியது. மேளகாரக் குடும்பங்கள் தமிழகத்திலிருந்து அழைக்கப்பட்டன; கோயில்களைச் சார்ந்து குடியமர்ந்தன; இங்குள்ளோருடன் மணவுறவு கொண்டன. தஞ்சைக்கும் யாழ்ப்பாணத்துக்கும் இடையே கலைஞர் போய்வந்த வழக்கம் தொடர்ந்தது. இவ்வாறு உருவான மரபிலேயே இணுவில் தவிலுக்குப் பேர்போன ஊராயிற்று. தவில் வித்துவான் விஸ்வலிங்கமும், அவர் மகனாகப் பிறந்து ஈழத்திலும் தமிழகத்திலும் ஒப்பற்ற தவில் மேதையெனப் போற்றப்பட்ட வி. தெட்சணாமூர்த்தியும் (1933–1975) இம்மண்ணினரே.

இவ்வூரில் வாழ்ந்த சின்னத்தம்பிப் புலவரின் பஞ்சவன்னத் தூது இலக்கிய வரலாறுகளில் இடம்பெற்றுள்ளது. தெட்சணாமூர்த்தியின் புகழ் இசைவரலாற்றில் நிலைத்துள்ளது. பாடியவர் பெயரும் முழக்கியவர் பெயரும் நமக்குக் கிடைக்கின்றன. அவர் முழக்கிய கருவியைக் கட்டியவர் யார் என்று எந்த வரலாறும் கேட்கவில்லை.

4

தவிலின் உடல் பலாமரக் குற்றியைக் குடைந்து ஆக்கப்படுவது. வலப்பக்கம் பெரிது, இடப்பக்கம் சற்றுச் சிறிது. வலந்தலையின் தோல் மிக இறுக்கமாகவும், தொப்பி எனப்படும் இடப்பக்கத்தின் தோல் தளர்வாகவும் அமையவேண்டும். இவ்வேறுபாட்டிலேயே தவிலின் நாதம் பிறக்கிறது. பெரிய முகம் தாழ்ந்த சுருதி தருவதே இயல்பு. தவிலிலோ பெரிய முகமே உயர்ந்த சுருதி தருகின்றது. மரத்தின் அளவு இடும் விதியைத் தோலின் இறுக்கம் வென்றுவிடுகிறது எனலாம்.

இவ்விறுக்கத்தைத் தாங்குவது வளையம். மூங்கிலைப் பிளந்து, பிளாச்சுகளை வளைத்து ஒன்றோடொன்று சேர்த்து, நாரினால் இறுகச் சுற்றிக் கட்டும்போது தடித்த, உருண்ட வளையம் உருவாகின்றது. நனைந்த தோலை அதன்மீது மடித்து இழுத்து உலரவிடுகின்றனர். உலரும் தோல் சுருங்கி வளையத்தைப் பற்றிக்கொள்கிறது. அதன்பின் இருபக்க வளையங்களும் தோல்வார்களால் மாறிமாறிப் பிணைக்கப்பட்டு இழுக்கப்படுகின்றன. வளையத்தின் ஓரிடத்தில் தடிப்புக் குறைந்தாலும், ஒரு வார் மற்றொன்றிலும் தளர்ந்தாலும், தோலின் முகத்தில் இழுவை சமனாகப் பரவாது, ஒலி பிசகும். வளையம் முழுவதும் ஒரே தடிப்பாகவும் ஒரே இறுக்கமாகவும் வருமாறு சுற்றுவதற்கு அளவுகோல் இல்லை. விரல்களே அளவுகோல். தலைமுறைகளினூடாகக் கையிலிருந்து கைக்குச் சென்ற அறிவு இது.

தவிலில் சுற்றும் வேலை இத்தோடு முடிவதில்லை. வலந்தலையை முழக்குபவர் விரல்களில் அணியும் கூடுகளும் சுற்றியே ஆக்கப்படுபவை: துணி நாடாவைப் பசை தடவி அடுக்கடுக்காகச் சுற்றி உலரவைத்தால் கல்போல இறுகிய கூடு கிடைக்கும். இடக்கைக்கு உரியது பூவரசங்கழி. மூங்கில், நார், தோல், துணி, பசை, பலா, பூவரசு ஆகிய எளிய பொருள்களை, இழுவையும் இறுக்கமும் பற்றிய நுண்ணிய அறிவு ஒருங்கிணைக்கின்றது. இலண்டன் சோதனைக்கூடத்தில் சணலும் காலிக்கோவும் செய்த வேலையை இங்கு நாரும் நாடாவும் செய்தன என்று கூறின் அது அணிநயத்துக்காகக் கூறியதாகாது. சுற்றொன்றை மற்றொரு சுற்றோடு உரிய இறுக்கத்திலும் உரிய இடைவெளியிலும் நிறுத்துவதே இரு தொழில்களினதும் சாரம்.

இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தோல்வாரின் இடத்தை உலோகப் பட்டைகளும் திருகாணிகளும் பெற்றன. இறுக்குவதும் தளர்த்துவதும் எளிதாயின. முன்னேற்றம் என்ற வகையில் இது வரவேற்கத்தக்கதே. ஆயின் வாரிழுத்தோரின் அறிவு பதிவு செய்யப்படாமலே மறைந்துகொண்டிருப்பதும் உண்மை.

5

தோலும் வாரும் தமிழ்ச் சமுதாயத்தில் வகித்த இடத்தைப் பண்டை இலக்கியத்திலேயே காணலாம். புறநானூற்றின் 50ஆம் பாடல், முரசுகட்டிலில் அறியாது துயின்ற மோசிகீரனாரைத் தண்டியாது கவரி வீசிய சேர மன்னனைப் பற்றியது. அங்கு வாரால் பிணிக்கப்பட்ட முரசு தெய்வத்தன்மை உடையது. அதன் கட்டிலும் புனிதமானது. அதே தொகையின் 82ஆம் பாடலில் சாத்தந்தையார் காட்டுவது வேறொரு கட்டில். ஊரில் விழாத் தொடங்கிவிட்டது, மனைவிக்குப் பிள்ளைப்பேற்று வேளை, மழை பெய்கிறது, பொழுதும் சாய்கிறது. கட்டிலுக்கு வார் பின்னும் தொழிலாளியின் ஊசி விரைகின்றது. மன்னன் பொருத போரின் விரைவுக்கு அவ்வூசியின் விரைவு உவமையாகின்றது. உவமைக்கு உதவிய அத்தொழிலாளியைப் புலவர் சுட்டும் சொல் 'இழிசினன்' என்பதாகும்.

இவ்விரு பாடல்களையும் அருகருகே வைத்து நோக்குமிடத்து ஒரு முரண்பாடு துலங்கும். வாரிட்ட பொருள் போற்றுதற்குரியது. வாரிட்ட கை இழிந்தது. பொருளுக்கும் அதனை ஆக்கியவனுக்கும் இடையிலான இப்பிளவு, நிலவுடைமைச் சமுதாயம் வலுப்பெற்றதும் சாதியமைப்பாக இறுகியது. இறந்த விலங்கின் தோலைத் தொடுவது தீட்டு என்று கூறிய அதே ஒழுங்கு, அத்தோல் வளையத்தில் ஏறித் தவிலானதும் அதனைக் கருவறை வாயில்வரை வரவேற்றது. தோல் சென்ற இடத்துக்குத் தோலைப் பதப்படுத்தியவன் செல்ல முடியவில்லை.

யாழ்ப்பாணத்தில் இது பழங்கதையன்று. 1957இல் சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் நிறைவேறிய பின்னரும் ஆலயங்களும் தேநீர்க்கடைகளும் ஒடுக்கப்பட்ட மக்களுக்கு மூடியே கிடந்தன. 1966 ஒக்டோபர் 21ஆம் நாள் தீண்டாமைக்கெதிரான ஊர்வலம் சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணத்தை நோக்கிப் புறப்பட்டது. பொலிசாரின் தாக்குதலையும் எதிர்கொண்டது. அவ்விரு நகரங்களையும் இணைக்கும் பெருவீதியிலேயே இணுவில் உள்ளது என்பதை நினைவிற்கொள்ளல் வேண்டும். 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாயிலில் ஆலயப் பிரவேசப் போராட்டம் நடந்தது. வாயிலுக்கு உள்ளே விலங்கின் தோல் முழங்கிய கோயில்களின் வாயிலுக்கு வெளியே மனிதர் தடுத்து நிறுத்தப்பட்டனர். தவிலின் அழகியலைப் பேசுவோர் இவ்வுண்மையையும் உடன்வைத்துப் பேசுதல் கடனாகும்.

இசைக்கலைஞர்கூட இவ்வொழுங்கின் பாதிப்பினின்றும் முற்றாகத் தப்பவில்லை. மேளம் இன்றித் திருவிழா இல்லை. எனினும் மேளகாரர் கோயிலுக்கும் நிலவுடைமையாளருக்கும் ஊழியம் செய்வோராகவே கருதப்பட்டனர். தமிழகத்தில் நாதஸ்வர மேதை ரி. என். இராஜரத்தினம் பிள்ளை (1898–1956) தம் காலத்தில் மேளகாரருக்குச் சமமதிப்புக் கோரிப் போராடியமையும் இப்பின்னணியிலேயே விளங்கிக்கொள்ளத்தக்கது.

6

இவ்விடத்தில் ஒரு வினா எழுகிறது. வளைத்தலும் சுற்றுதலும் இறுக்குதலும் பற்றி இத்துணை நுண்ணறிவு பெற்றிருந்த சமுதாயத்தில் அவ்வறிவு விஞ்ஞானமாக வளராதது ஏன்?

இதற்கு இருவகை விடைகள் வழங்கிவருகின்றன. கீழைத்தேய மனத்துக்கு விஞ்ஞான நோக்கு இயல்பன்று என்பது காலனித்துவத்தின் விடை. எல்லாம் நம் முன்னோர் அறிந்திருந்தனர். அந்நியர் கவர்ந்து சென்றனர் என்பது பழம்பெருமை பேசுவோரின் விடை. இரண்டும் ஒரே தவற்றின் இரு முகங்கள். இரண்டுமே அறிவை ஓர் இனத்தின் உள்ளியல்பாகக் காண்கின்றன. உற்பத்தி உறவுகளைக் காண மறுக்கின்றன.

மனிதக் கை உழைப்பின் கருவி மாத்திரமன்று, உழைப்பின் விளைபொருளுமாகும் என்று 1876இல் எழுதினார் எங்கெல்ஸ். 1931இல் இலண்டனில் நடந்த விஞ்ஞான வரலாற்று மாநாட்டில், நியூற்றனின் பெருநூல் அவர் காலத்துக் கப்பற்போக்குவரத்து, சுரங்கத்தொழில், போர்த்தொழில் ஆகியவற்றின் தேவைகளோடு பிணைந்தது என்று போறிஸ் ஹெசன் நிறுவ முயன்றார். பரடேயின் வளையம் சுற்றப்பட்டுச் சரியாக நூறாண்டுகளின் பின் அதே நகரில் அவ்வுரை நிகழ்ந்தது. கைவினைஞரின் அனுபவ அறிவும் கற்றோரின் ஒழுங்குபடுத்திய சிந்தனையும் தனித்தனியே நின்றவரை நவீன விஞ்ஞானம் தோன்றவில்லை என்பதும், அவற்றைப் பிரித்த சுவர் தகர்ந்தபோதே தோன்றியது என்பதும் எட்கார் சில்செல் 1942இல் வற்புறுத்திய கருத்தாகும்.

பரடே அச்சுவர் தகர்ந்த இடத்தில் நின்றவர். முற்றாகத் தகர்ந்தது என்று கூறமுடியாது. 1813இல் ரோயல் இன்ஸ்ரிரியூசனில் உதவியாளராகச் சேர்ந்த அவர், சர் ஹம்பிறி டேவியின் ஐரோப்பியப் பயணத்தில் உடன்சென்றபோது பணியாளின் வேலைகளையும் செய்யவேண்டியிருந்தது. எனினும் ஒரு கொல்லரின் மகன் எழுதவும், தன் கையால் கம்பி சுற்றவும், சுற்றியதைப் பற்றித் தானே சிந்தித்துப் பதிவு செய்யவும் இடமளித்த சமுதாயம் அது. தொழிற்புரட்சி வேண்டி நின்ற உழைப்புக்கும் அறிவுக்குமான இணைப்பு, அதன் எல்லைக்குள், அவரில் நிகழ்ந்தது.

யாழ்ப்பாணத்திலோ வார் இழுத்தவனுக்கு ஏடு மறுக்கப்பட்டது. ஏடு கற்றவனுக்குத் தோல் தீட்டாயிற்று. பாடசாலையில் சம ஆசனம் என்பதே 1930 அளவிலும் இங்கு கடும் எதிர்ப்பைச் சந்தித்த கோரிக்கையாக இருந்தது. தன் கை அறிந்ததை எழுதிவைக்க ஒருவனுக்கு உரிமையில்லை. எழுத வல்ல மற்றவனுக்கு எழுத வேண்டிய பொருள் தெரியாது. இவ்விருவரையும் சந்திக்க விடாத சுவரே நமது பின்னடைவின் வரலாறு.

7

இரு வளையங்களும் ஒருநாள் சந்தித்தன. சந்தித்த இடம் ஒலிப்பதிவு.

ஒலிநாடாக் கருவியின் உயிர்நிலை அதன் காந்தத் தலை. சிறிய இடைவெளி ஒன்றைக் கொண்ட வளைய வடிவக் காந்த உள்ளகமும், அதன்மீது சுற்றிய நுண்கம்பிச் சுருளுமே அத்தலையின் அமைப்பு. இவ்வளையத் தலையை ஜேர்மனியில் எடுவார்ட் ஷூலர் 1933இல் உருவாக்கினார். 1935இல் ஏ.ஈ.ஜி. நிறுவனத்தின் ஒலிநாடாக் கருவி பேர்லினில் காட்சிக்கு வந்தது. ஹிட்லரின் வானொலிக்குப் பயன்பட்ட அக்கருவி, 1945இன் பின் வெற்றிபெற்ற நாடுகளின் கைக்குச் சென்று உலகெங்கும் பரவியது. கருவி எவர் கையில் உள்ளது என்பதைப் பொறுத்தே அதன் பயன் அமைகின்றது என்பதற்கு இதுவும் ஒரு சான்று.

ஷூலரின் வளையம் உருவான அதே 1933இலேயே இணுவிலில் தெட்சணாமூர்த்தி பிறந்தார். நாற்பத்திரண்டு வயது நிறையுமுன் 1975இல் மறைந்தார். அவரை நேரிற் கேட்டோர் இன்று அருகிவிட்டனர். பிற்சந்ததியினர் அவரைக் கேட்பது எஞ்சிய ஒலிப்பதிவுகளினூடாகவே. அம்ஷன் குமார் எடுத்த ஆவணப்படம் அவரது கலையை மீண்டும் கவனத்துக்குக் கொண்டுவந்தமையும் அப்பதிவுகளின் துணையாலேயே. மூங்கில் வளையத்தில் தோல் எழுப்பிய அதிர்வை, காந்த வளையத்தில் சுற்றிய கம்பி கைப்பற்றி நமக்குக் காத்துத் தந்துள்ளது. வார் சுற்றிய கையும் கம்பி சுற்றிய கையும் ஒருவரையொருவர் அறியார். இருவரது உழைப்பும் சேர்ந்தே அவ்விசை நம்மை வந்தடைகின்றது. கலைஞரின் மேதைமையை இது குறைப்பதாகாது. அம்மேதைமை எவ்வெவ் உழைப்புகளின்மீது நின்றது என்பதையே காட்டுகின்றது.

இன்னொரு சந்திப்பும் உண்டு. 1990இல் போர் மீண்டும் மூண்டபின் குடாநாடு மின்சாரம் இழந்தது. மண்ணெண்ணெய் தட்டுப்பாடாயிற்று, மக்கள் ஜாம் போத்தல் விளக்கில் படித்தனர். வானொலிச் செய்தி கேட்பதற்குத் துவிச்சக்கரவண்டியை நிறுத்தி வைத்துச் சில்லைக் கையாலோ காலாலோ சுழற்றி டைனமோவிலிருந்து மின்சாரம் பெற்றனர். அந்த டைனமோவில் நிகழ்ந்தது, 1831 ஒக்டோபர் 17இல் பரடே கண்டதே: காந்தம் அசைகிறது, சுருளில் மின்சாரம் பிறக்கிறது. பாடநூலில் மனனம் செய்து பரீட்சையில் எழுதி மறந்த விதியை, முற்றுகைக்குள் அகப்பட்ட மக்கள் தம் கையால் மீண்டும் கண்டெடுத்தனர். இதில் வல்லவர்களாய் விளங்கியோர் பட்டதாரிகள் மாத்திரமல்லர். சைக்கிள் திருத்துவோரும் வானொலி திருத்துவோரும் எரிந்த மோட்டருக்குக் கம்பி சுற்றுவோருமே முன்னின்றனர். கைக்கும் மூளைக்கும் இடையிலான சுவர், தேவை நெருக்கியபோது சில ஆண்டுகளுக்கேனும் தாழ்ந்தது.

8

மேற்கூறியவற்றிலிருந்து நாம் பெறும் முடிபு இது: தவிலின் வரலாறு வித்துவான்களின் வரலாறாக மட்டும் எழுதப்படுமாயின் அது பாதி வரலாறே. மறுபாதி மூங்கில் பிளந்தோர், நார் சுற்றியோர், தோல் பதப்படுத்தியோர், வார் இழுத்தோர் ஆகியோருடையது. அவர்களை வெறும் துணைப்பாத்திரங்களாகச் சேர்த்துக்கொள்வதும் போதாது. அவர்கள் அறிந்திருந்ததை அறிவு என ஏற்றுக்கொள்வதே முதற்படி.

இதற்கான வேலை பல்கலைக்கழகங்களின் வாயிலிலேயே காத்திருக்கிறது. வளையம் கட்டுதல், தோல் மடித்தல், வார் இழுத்தல், கூடு சுற்றுதல் ஆகிய ஒவ்வொரு படிக்கும் தொழிலாளரிடையே வழங்கும் சொற்களைத் திரட்டவேண்டும். எத்தடிப்பில், எவ்வீரத்தில், எவ்விழுவையில் வேலை நடைபெறுகிறது என்பதை அளந்து பதியவேண்டும். தமிழ்த்துறையும் இசைத்துறையும் பௌதிகவியல் துறையும் ஒரே தொழிற்களத்தில் சேர்ந்து உட்காரவேண்டிய பணி இது. சொன்னவரின் பெயரையும், அவர் இணங்குமிடத்து, சொல்லோடு சேர்த்து எழுதவேண்டும்.

தவிலில் உலோகத் திருகாணி வந்துவிட்டது, ஒலிநாடாவும் வழக்கொழிந்துவருகின்றது. ஆனால் வார் இழுக்கக் கற்ற கைகள் சில இன்னும் உள்ளன. அவற்றிடம் கேட்டு எழுதும் காலம் நீண்டதன்று.